பூ கட்டுகிறவள் எழுதுவது: எங்கள் ஊர் நல்லிணக்க விழாக் குழுவினருக்கு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நாகப்பட்டினத்தில் நீங்கள் நடத்திய நல்லிணக்க விழாவின் மேடை முகப்புக்குப் பூ வளைவு கட்டிக் கொடுத்தது எங்கள் கடைதான். ஓங்காரம், பிறை, சிலுவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னி ஒரே உருவமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி, வரைந்த தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் நானும் இரவு 11 மணி வரை உட்கார்ந்து கட்டினோம். செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை என்று நிறம் பிரித்துத்தான் வைத்தோம். முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஓங்காரமும் தெரியவில்லை, பிறையும் தெரியவில்லை, சிலுவையும் தெரியவில்லை. நீங்கள் கேட்டபடியே இருந்தது. ஆனால் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விழா முடிவில் ஆளுக்கொரு உறுதிமொழித் தாள் கொடுத்தீர்கள். மதங்கள் யாவும் ஒன்றே, நாங்கள் அனைவரும் இனி ஒரே மதத்தவர், எங்கள் பிள்ளைகளையும் அப்படியே வளர்ப்போம் என்று அதில் இருந்தது. ஊர் முழுவதற்கும் பொதுவாக ஒரே வழிபாடு, ஒரே விழா என்று கொண்டுவரப் பாடுபடப் போவதாகவும் அறிவித்தீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் நின்ற தம்பி காரணம் கேட்டார். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது உண்மையான காரணம் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் நோக்கத்தில் எனக்கு ஐயம் கிடையாது. காலையில் நாளிதழைப் பிரித்தால் எங்காவது ஓர் ஊரில் ஊர்வலத்தில் கல் விழுந்திருக்கிறது, எங்காவது ஒரு கடை எரிந்திருக்கிறது. அது நம் ஊருக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் உண்டு. ‘மதம் ஒன்றாகிவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை’ என்று உங்கள் சிறப்புப் பேச்சாளர் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்த ஏக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு நம் ஊரை அறியாத பேச்சு.

நான் நீலாயதாட்சி அம்மன் கோயில் வீதியில் வளர்ந்தவள். பூக்கடை அப்பாவுடையது; அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். அப்பா எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது எந்தப் பூ எங்கே போகக் கூடாது என்பதைத்தான். நாரைக் கையில் கொடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம். சிவனுக்குத் தாழம்பூ ஆகாது. பிள்ளையாருக்குச் சதுர்த்தி தவிர மற்ற நாளில் துளசி சாத்த மாட்டார்கள். பெருமாளுக்குத் துளசி இல்லாமல் மாலையே கிடையாது. நாகூர் தர்காவுக்குப் பூப்போர்வை என்றால் மல்லிகைச் சரங்களைப் பாய் போலப் பரப்பிக் குறுக்கே நூல் ஓட்ட வேண்டும், முடிச்சு ஒன்றுகூட மேலே தெரியக் கூடாது. தவக்காலத்தில் மாதா கோயில் பீடத்துக்குப் பூ கேட்டு யாரும் வர மாட்டார்கள். அந்த நாற்பது நாளுக்கும் சேர்த்து வைத்தது போல ஈஸ்டர் இரவுக்கு வந்து நிற்பார்கள். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள் கல்யாண மாலை வாங்குவார்கள். மாதா படத்துக்கென்று ஒரு முழம் கேட்டதில்லை. பெரியார் பிறந்தநாளுக்கு மாலை வாங்க வருபவர் ஒருவர் இருக்கிறார். சாமிக்குக் கட்டி மீந்த சரத்தை அதில் சேர்த்துவிடாதே என்று ஒவ்வோர் ஆண்டும் மறக்காமல் சொல்வார். கடவுளே இல்லை என்பது அவருடைய கொள்கை. அதற்கும் ஒரு மாலை இருக்கிறது. உங்கள் உறுதிமொழித் தாளில் அவருக்கு எங்கே இடம் என்று தேடிப் பார்த்தேன்.

பன்னிரண்டு வயதில் நான் ஒரு தவறு செய்தேன். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி சமயத்தில் நாகூர்க்காரப் பெரியவர் ஒருவருக்குப் போர்வையை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தபோது, கை பழகிய பழக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டலத்தையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. பெரியவர் பொட்டலத்தை எடுத்து, கடையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தார். ‘இது எங்களுக்கு இல்லை பாப்பா, இங்கே இருக்க வேண்டியது’ என்றார். வீசி எறியவும் இல்லை, பரவாயில்லை என்று நெற்றியில் வைத்துக்கொள்ளவும் இல்லை. அது எங்கே போக வேண்டுமோ அங்கே வைத்துவிட்டுப் போனார். நல்லிணக்கம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நம் ஊரின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மேடையில் அது ஓர் ஓரமாகத்தான் வந்தது.

முதலாம் ராசராசன் தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டவன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். அவன் காலத்தில், கடல் கடந்த மலாய், சுமத்திராப் பக்கத்துக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாற விசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். 1006ஆம் ஆண்டில் ராசராசன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலமாகக் கொடுத்தான். அந்தச் செய்தி 21 செப்பேடுகளில் வெட்டப்பட்டது. டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு லைடன் நகருக்குக் கொண்டுபோனதால் இன்று அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்று பெயர். சிவபக்தனான அரசன் புத்தனும் சிவனும் ஒன்று என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வந்தவன் கும்பிடுவது வேறு சாமி என்று நன்றாகத் தெரிந்தேதான் நிலம் கொடுத்தான். அதே சோழக் குடும்பம் பிறகு கடாரத்தின் மீது கப்பற்படையையும் அனுப்பியது. அரசியல் தன் வழியில் போனது. விகாரத்துக்குக் கொடுத்த கொடை அதனால் நின்றுபோகவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அந்தக் கொடையை மறுபடியும் உறுதி செய்து இன்னொரு செப்பேட்டுத் தொகுதி கொடுத்திருக்கிறான்.

நாகூரில் நிற்கும் ஐந்து மினாராக்களில் எல்லாவற்றையும்விட உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் தம் மதத்தை விடவில்லை. சாகுல் ஹமீது நாயகத்தின் தர்காவையும் கோயிலாக மாற்றிப் பார்க்கவில்லை. மினாராவை மினாராவாகவே கட்டினார். இன்றும் கந்தூரிக்கு நாகையிலிருந்து கொடி ஊர்வலம் புறப்படும்போது வழியில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குமேல் எங்களைப் போன்றவர்கள். மீனவர்களான பட்டினவர் குடும்பங்கள் பிள்ளைக்கு மொட்டை போட நாகூருக்கும் போகின்றன, வேளாங்கண்ணிக்கும் போகின்றன. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கரையில் எத்தனை துணை இருந்தாலும் போதாது. ஆனால் அவர்கள் நாகூரில் நடப்பது போல வேளாங்கண்ணியில் நடப்பதில்லை. நாகூரில் தலையில் துணி போட்டுக்கொண்டு பாத்திஹா என்ற வேண்டுதலை ஓதி முடிக்கும்வரை நிற்பார்கள். வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டுவார்கள். வீட்டுக்கு வந்து, மீனவராய்ப் பிறந்த அதிபத்த நாயனாருக்கு விளக்கு வைப்பார்கள். ஓர் இடத்தின் முறையை இன்னோர் இடத்துக்குச் சுமந்துகொண்டு போவதில்லை. இதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை.

‘நம் ஊரில் ஆதியிலிருந்தே அனைவரும் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தார்கள்’ என்று உங்கள் வரவேற்புரையில் ஒரு வரி வந்தது. கேட்க இனிமையாக இருந்தது, உண்மையாக இல்லை. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்துச் சென்றுதான் திருமங்கையாழ்வார் திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று வைணவர்களே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அது நடந்ததோ கதையோ, அப்படி ஒரு கதையைப் பெருமையோடு சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது. விகாரத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தைப் புதுவெளிக் கோபுரம் என்று நம் ஊரார் சொல்வார்கள். அரசாங்க அனுமதியோடு 1867இல் ஏசு சபையினர் அதை இடித்தார்கள். மண்ணைத் தோண்டத் தோண்டப் புத்தர் படிமங்கள் கிடைத்தன, சுமார் 350. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஊரில் இன்று கும்பிடுவதற்கு ஒரு பௌத்தர் இல்லை. ஒரு மதம் ஓர் ஊரிலிருந்து முழுதாகப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பதை வேறு எங்கும் போய்ப் பார்க்க வேண்டாம், நம் காலடியிலேயே இருக்கிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததால் நம் ஊரில் அமைதி கூடிவிட்டதா, ஐயா?

உங்கள் அழைப்பிதழில் வள்ளலார் படம் இருந்தது. உங்கள் தரப்புக்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாதியும் சமயமும் பொய் என்று அவர் மனம் உருகிச் சொன்னார். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். நம் ஊர்க் கோபுரம் இடிபட்ட அதே 1867இல், மே மாதம், வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. என் அம்மாவோடு இரண்டு முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். இலை போட்டவர் எங்களிடம் எந்த உறுதிமொழியும் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பசியோடு வந்தவர்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. வள்ளலாரைப் பின்பற்ற வேண்டுமென்றால் உங்கள் மண்டபத்தில் அடுப்பு மூட்டுங்கள், முதல் மூட்டை அரிசி என்னுடையது. தாளை நீட்டி நான் இன்ன மதம் இல்லை என்று எழுதிக் கொடு என்று கேட்பது அவர் செய்த வேலை இல்லை.

மதம் ஒன்றாகிவிட்டால் சண்டை ஒழிந்துவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். மண்டபத்திலிருந்து கீழ்வெண்மணிக்கு எத்தனை தூரம்? 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் மிகுதி. தலித் கூலி விவசாயிகள் நிலக்கிழார்களிடம் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் தொடங்கிய பகை. எரித்தவர்களும் எரிந்தவர்களும் வெவ்வேறு மதமா? அவர்கள் பேசியது ஒரே தமிழ், கும்பிட்டது ஒரே மாரியம்மனை. சாமி ஒன்றாக இருந்தும் தேர் சேரிக்குள் வராத ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை இருந்தன என்று உங்கள் குழுவில் உள்ள வயதானவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேடையில் அதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. சண்டைக்கு மதம் ஒரு சாக்கு. அந்தச் சாக்கைப் பறித்துக்கொண்டால், நிலமும் கூலியும் சாதியும் இருக்கிறவரை இன்னொரு சாக்கு கிடைத்துவிடும்.

‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்று பதாகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். திருமூலர் அதைச் சைவராக நின்று சொன்னார். நாகூர்ப் பெரியவரும் இறைவன் ஒருவனே என்பார். அவனுக்கு உருவம் இல்லை, இணை இல்லை என்பது அவருக்கு அதன் உயிர். வேளாங்கண்ணிப் பாதிரியாரும் கடவுள் ஒருவரே என்பார். தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கும் ஒருவர். திருமூலரும் பெரியவரும் பாதிரியாரும் ‘ஒன்று’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே போனால் ஒருவர் வீட்டில் மற்றவர் குடியிருக்க முடியாது. சொல் ஒத்துப்போகிறதே என்று பொருளையும் ஒட்டவைத்துவிட்டால் மூவரையும் நாம் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் ஆகும். வெளியே மூன்றாகத் தெரிவதும் உள்ளே மூன்றோடு நின்றுவிடுவதில்லை. தர்காவில் கையேந்துவதை ஏற்காத இஸ்லாமியர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மாதாவிடம் மன்றாடுவதை ஏற்காத கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெருமாளுக்கு வடகலையா தென்கலையா என்று நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு மதத்துக்குள்ளேயே எல்லோரையும் ஒரு வரிசையில் நிறுத்த முடியாதபோது, உங்கள் பொது மதத்துக்கு எத்தனை நாளில் இரண்டு கலை பிறக்கும்?

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவரைவிட, என் மதம்தான் உண்மை, நீயும் வா என்று அழைக்கிறவரிடம் எனக்கு மனத்தாங்கல் குறைவு. இதைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சபைக்குப் போகிற ஓர் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடைக்கு வருவார். கையில் துண்டுப் பிரசுரம் இருக்கும். இயேசுவை ஏற்றுக்கொள் என்பார். எனக்கு என் அம்மன் போதும் அக்கா என்பேன். அப்படிச் சொல்லாதே என்று ஆரம்பிப்பார். நானும் விட மாட்டேன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரும், குடித்துவிட்டுப் போவார். பதினைந்து ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. அவர் என்னை மாற்றவில்லை, நான் அவரை மாற்றவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதம் அவர் வீட்டுக்கு வந்து, ஜெபம் செய்யலாமா என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். அக்கா அவர் தலையில் கை வைத்து வேண்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அவர் சொன்னது ஐந்தெழுத்து என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. அழைக்கிறவர் என் எதிரே நிற்கிறார், நான் மறுக்கலாம். எல்லாம் ஒன்று என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவரிடம் மறுப்பதற்கு எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. என் அம்மனை என்னைக் கேட்காமலே வேறொன்றாக்கிவிட்டார்.

வாதம் செய்வது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் ஏறிப் பேசச் சொல்கிறான். பிடிக்காதவர்களோடுகூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறான். ஏறிப் பேசு என்பதும் பூசல் வேண்டாம் என்பதும் ஒரே முரசின் ஒலி. காவிரிப்பூம்பட்டினம் நமக்கு எட்டிவிடும் தூரம்தான். அதற்குப் பக்கத்திலேயே தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, நம் வழிபாடுகள் தவறு என்று நம்பி வந்தவர்தான். ஆனாலும் தமிழ் கற்றார், ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். அவரும் உடன் வந்தவர்களும் நம் ஊர்ப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். 1712இலிருந்து தமிழர்கள் பதில் எழுதினார்கள். உங்கள் மதத்தில் உங்களுக்கு எது நல்லதோ எங்கள் மதத்திலும் எங்களுக்கு அது உண்டு, உங்கள் ஆட்கள் நடந்துகொள்கிற முறையை முதலில் பாருங்கள் என்ற தொனியில் துணிச்சலாக எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாகின. எதிரில் இருப்பவர் தன்னிலிருந்து வேறானவர் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்க ஒரு கேள்வியும், எழுத ஒரு பதிலும் இருந்தன.

இனி எழுதப் போவதை எழுதத் தயங்கினேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். அந்த நாளில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தெருத்தெருவாகப் போனார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் கடற்கரையிலேயே போனார்கள். பொக்லைன் வைத்துக் குழி தோண்டி வரிசையாகப் புதைத்தார்கள். எரிக்கிற வழக்கமா, புதைக்கிற வழக்கமா என்று கேட்க நேரமில்லை. எந்தத் திசையில் தலை இருக்க வேண்டும் என்று பார்க்க ஆளில்லை. அப்பா மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான்காம் நாள், வாடிப்போகாமல் இருந்த உதிரிப்பூவை இரண்டு கூடையில் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். குழி மூடிய இடத்தில் நின்று, யாருக்கு எந்தப் பூ என்று தெரியாமல், அப்பா கைநிறைய அள்ளி அள்ளி வீசினார். பூக்கடைக்காரராக அவர் வாழ்நாளில் எந்தப் பூ எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றது அன்று ஒருநாள்தான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசவில்லை. ‘பெயர்கூடச் சொல்ல முடியவில்லையே’ என்று மட்டும் இரவில் சொன்னார்.

எல்லோரும் ஒன்றாகிப் போனதை நான் அங்கே பார்த்துவிட்டேன், ஐயா. அதன் பிறகு நடந்ததையும் பார்த்தேன். பதினாறாம் நாளுக்குப் பூ கேட்டு ஒரு மீனவக் குடும்பம் கடைக்கு வந்தது. காரியம் செய்ய உடல் இல்லை, சட்டை ஒன்றை வைத்துச் செய்யப் போவதாகச் சொன்னார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நாகூரிலிருந்து வந்தார்கள். சிலுவை வடிவில் வளையம் கட்டித் தரச் சொல்லித் திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார். தன் மனைவி எந்தக் குழியில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கடலோரத்தில் எங்காவது நட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அப்பா ஒவ்வொருவருக்கும் அவரவர் முறைப்படி கட்டினார், யாரிடமும் காசு வாங்கவில்லை. யார் யாருக்கு எது என்று மறுபடியும் பிரித்துக் கட்ட ஆரம்பித்த அந்த வாரத்தில்தான் அவர் முகத்தில் உயிர் திரும்பியது. அதனால்தான் உங்கள் வளைவைக் கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்த இரவில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்களுக்கு அதில் ஒற்றுமை தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கூடைகள் தெரிந்தன.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. உங்கள் குழுவால் ஆகக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. விகாரம் இருந்த ஊர் இது என்று நம் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவர்களை ஆனைமங்கலத்துக்கும் எழும்பூருக்கும் அழைத்துக்கொண்டு போங்கள். இடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊர்வலப் பாதைகளில் எந்த இடத்தில் மேளத்தை நிறுத்த வேண்டும், எந்த நேரத்தில் ஒலிபெருக்கியைத் தணிக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு வாய்மொழியாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்களை உட்காரவைத்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் செய்யுங்கள். கீழ்வெண்மணிக்கு ஒரு டிசம்பரில் குழுவாகப் போய் வாருங்கள். பிள்ளைகளுக்குப் பொது வழிபாடு ஒன்றை எழுதிக் கொடுப்பதைவிட, பக்கத்து இருக்கைப் பிள்ளை எந்த நாளில் நோன்பு, எதைச் சாப்பிட மாட்டாள், ஏன் என்று கேட்டுத் தெரிந்துவரச் சொல்லுங்கள். என் கடையில் ஒருத்தி நோன்பு பிடிக்கிறவள். அந்த மாதத்தில் அவளை ஐந்தரைக்கே அனுப்பிவிட்டு அவள் பங்குச் சரத்தை மற்றவள் கட்டுகிறாள். கார்த்திகைத் தீபத்தன்று நோன்பு பிடிக்கிறவள் மற்றவளுடைய பங்கைக் கட்டுகிறாள். இதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் விழாவை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வைத்திருந்தீர்கள். இஸ்லாமியர்களின் வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்மா நேரம். ஜமாஅத்தார் யாரும் வரவில்லையே என்று மேடையில் வருத்தப்பட்டீர்கள். அவர்களுக்கு என்று வைத்திருந்த நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன. எல்லா நாளும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். பூக்கடைக்காரிக்குக் கிழமைகள் மனப்பாடம், அதனால் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், புதன்கிழமை சகாய மாதா நவநாள். வியாழன் மாலை தர்காவில் கூட்டம் தாங்காது. வெள்ளியைத்தான் பார்த்துவிட்டீர்கள். சனிக்கிழமை பெருமாளுக்கும் வேளாங்கண்ணிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பலிக்கும் ஆராதனைக்கும் போய்விடும். பிரதோஷம் விழாத திங்கட்கிழமையாகப் பாருங்கள். அஸர் தொழுகை முடிந்து மக்ரிபுக்கு முன், மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துப் பூக்கடைக்காரி